டெக்சாஸ் உறுப்பினரின் முன்னுரிமைப் பட்டியலைப் படிப்பது எப்படி

டெக்சாஸ் சட்டமன்றக் கூட்டத்தொடர் நெருங்கினால் நம் தொகுதி உறுப்பினரிடமிருந்து முன்னுரிமைப் பட்டியல் வரும். ரிப்பப்ளிகன் என்றால் சொத்து வரிக் குறைப்பு, எல்லைப் பாதுகாப்பு, பெற்றோர் உரிமை, தேர்தல் நேர்மை, அரசுச் செலவுக்குக் கடிவாளம் என்று ஏறக்குறைய ஒரே பல்லவிதான். ஆஸ்டின் பக்கத்து ரவுண்ட் ராக்கில் வீடு வைத்திருக்கும் எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். அதனாலேயே கறாராகப் படிக்கிறேன். மசோதா எண் இல்லாத வாக்குறுதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டில் மட்டும், ஜனவரி இரண்டாம் செவ்வாயில் தொடங்கும். அதிகபட்சம் 140 நாள். மசோதாக்களை முந்தைய நவம்பரிலேயே தாக்கல் செய்யத் தொடங்கிவிடுவார்கள். 60-ஆம் நாளோடு பொதுவான மசோதாக்களுக்குக் கதவு அடைபடும். மார்ச் நடுவில் போய்க் கோரிக்கை வைத்தால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து, 'டெக்சாஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன்' தளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டு அவர் தாக்கல் செய்தவற்றைப் பாருங்கள். அவரே எழுதியதா, இன்னொருவர் மசோதாவில் பெயர் சேர்த்துக்கொண்டாரா என்பது அங்கே தெரியும். மேலவையான செனட்டில் தொடக்க எண்கள் துணை ஆளுநரின் முன்னுரிமைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அவற்றை ஆதரிப்பது பெரிய காரியமில்லை, கட்சியே இழுத்துக்கொண்டு போகும். அவரே முன்நின்று தள்ளுவது எது என்று கேளுங்கள்.

பிறகு மசோதாவையே படியுங்கள். பயப்பட ஒன்றுமில்லை: அடிக்கோடிட்டது புதிது, கோடு கிழித்தது நீக்கப்படுவது. 2025-இல் வந்த எஸ்.பி. 4-இன் (எஸ்.பி. என்றால் செனட் மசோதா) சாரம், குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் வரி போடாமல் விடும் தொகை, அதாவது விலக்கு, 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 டாலராக உயர்வதுதான். அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்பட்டதால் அது மக்களிடம் போய், அந்த நவம்பரில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அந்த விலக்கு பள்ளி மாவட்ட வரிக்கு மட்டும். வரி ரசீதில் கவுண்டி, நகரம் எல்லாம் தனித்தனி வரியாக நிற்கும். அவற்றை அது தொடாது. பள்ளி வரி 100 டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் 40,000-க்கு வருடம் 400 டாலர் மிச்சம். உங்கள் ரசீதை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மசோதாவோடு சட்டமன்ற பட்ஜெட் வாரியத்தின் நிதிக் குறிப்பும் இருக்கும். அதை விடவே கூடாது. பள்ளிகள் இழக்கும் வரியை மாநிலம்தான் ஈடுகட்டுகிறது. ஆக, ஒரே பட்டியலில் உள்ள 'வரியைக் குறைப்போம்', 'செலவைக் கட்டுப்படுத்துவோம்' இரண்டும் மோதுகின்றன. 2025-இல் ஆளுநர் அபட் கையெழுத்திட்ட எஸ்.பி. 2-இல், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவும் கணக்குகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பெற்றோர் உரிமை என்ற அடிப்படையில் அதை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், அதுவும் செலவுதான். இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பார் என்று உறுப்பினரிடம் நேராகக் கேளுங்கள். நேர்மையான பழமைவாதியிடம் இதற்குப் பதில் இருக்க வேண்டும்.

மசோதாவை ஆராயும் கமிட்டி மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்கு ஆஸ்டின் வரை போக முடிந்தால் போங்கள். சட்டமன்றக் கட்டடமான கேபிட்டலில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று பதிவு செய்துவிட்டுப் பேசலாம். பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடம்தான் தருவார்கள். குடியுரிமை கேட்பதில்லை, கிரீன் கார்டு, எச்-1பி-யில் இருப்பவர்களும் பேசலாம். நம்மவர்கள் பலர் இது தெரியாமலே ஒதுங்கி நிற்பது எனக்கு வருத்தம். கொள்கை விளக்கம் வேண்டாம். ரசீதில் உள்ள தொகையைச் சொல்லுங்கள்.

கமிட்டியைத் தாண்டியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். கீழவையில் எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரும் என்பது காலண்டர்ஸ் கமிட்டியின் கையில். மே மாதத்தில் அங்கே எத்தனையோ மசோதாக்கள் வாக்கெடுப்பே இல்லாமல் மடிகின்றன. ஏப்ரலில் உறுப்பினர் அலுவலகத்துக்கு போன் போட்டு, "காலண்டர்ஸில் யாரிடம் பேசினீர்கள்?" என்று உதவியாளரிடம் கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

கூட்டத்தொடர் முடிந்தபின் ஆளுநருக்கு 20 நாள் இருக்கிறது. அவர் கையெழுத்திட வேண்டும் என்றோ நிராகரிக்க வேண்டும் என்றோ நீங்கள் நினைத்தால் அந்த நாட்களில் அவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள், மசோதா எண்ணை முதல் வரியிலேயே போட்டு.