கம்பளிக்குள் லெப்டொப் வேண்டாம்

நுவரெலியாப் பக்கம் ஜனவரிக் குளிரில் எல்லாரும் செய்வதுதான்: கட்டிலில் ஏறி, கம்பளியைப் போர்த்தி, மடியில் லெப்டொப். நானும் அப்படித்தான் இருந்தேன். அரை மணியில் விசிறி இரையத் தொடங்கியது, தொடையும் சுட்டது. பல லெப்டொப்கள் அடிப்பக்கத்து ஓட்டைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. கம்பளி அதை அடைத்துவிடும், பஞ்சும் உள்ளே போகும். அம்மாவின் ரொட்டிப் பலகையை எடுத்து அடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. (பலகையைத் திருப்பிக் கேட்டு அம்மா போட்ட சத்தம் வேறு.)

நீண்ட வேலை என்றால் மேசைதான் சரி. நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் லெப்டொப்பை வைத்து, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரச் செய்யுங்கள். தனி கீபோர்டும் மவுசும் இருந்தால் கழுத்தும் தோளும் பிழைத்தன.

மழையில் நனைந்து வந்து, அடுப்பு எரியும் காம்பராவுக்குள் நுழைந்தவுடன் லெப்டொப்பைத் திறக்காதீர்கள். மூக்குக்கண்ணாடி மங்குவது போல அதிலும் ஈரம் படியும். பையிலேயே அரை மணி நேரம் கிடக்கட்டும்.

அப்புறம் இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, சார்ஜர் ப்ளக்கையே கழற்றிவிடுங்கள். ரவுட்டரின் வயரையும்தான். இடி தொடங்கிய பிறகு ப்ளக்கைத் தொடாதீர்கள், முன்கூட்டியே கழற்றுங்கள். மிச்ச வேலைக்கு பட்டரி இருக்கிறதே.