விமானம் ரத்தாகிவிடுமோ என்று இரண்டாவது டிக்கெட் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் முதலில் கேட்பது, "எதுக்கும் இன்னொரு ஃப்ளைட்லயும் டிக்கெட் போட்டு வெச்சிடலாமா?" என்பதைத்தான். எங்கள் வீட்டிலும் உறவிலும் டிக்கெட் போடும் பொறுப்பு பல வருடமாக என்னுடையது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். வருஷம் முழுக்கச் சேர்த்த பணம், பிள்ளைகள் நாள்காட்டியில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டு காத்திருக்கும் பயணம், விமான நிலைய வாசலில் முடிந்துபோனால் தாங்க முடியாது.

போடலாம். ஆனால் இரண்டாவது டிக்கெட் வாங்க ஐந்து நிமிடம் போதும். அதை எப்போது, எப்படி விடுவது என்று வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யாவிட்டால் பாதுகாப்புக்கு வாங்கியதே செலவாகிவிடும். சில சமயம் முதல் டிக்கெட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

எதற்குப் பயப்படுகிறோம் என்று யோசிக்காமல் வாங்குவது

இரண்டு டிசம்பர்களை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். சென்னை விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்றது, மறுநாள் காலை வரை நிலையத்தையே மூடிவிட்டார்கள். அன்று கையில் மூன்று நிறுவனங்களின் டிக்கெட் இருந்திருந்தாலும் பயனில்லை. வியாசர்பாடி பக்கம் பாலத்தில் தண்ணீர் ஏறியதால் சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய ரயில்களும் ரத்தாயின.

2025 டிசம்பர் கதை வேறு. விமானிகளின் பணி நேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப விமானிகள் போதாமல், டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இண்டிகோ விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் விமானங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அன்று வேறு நிறுவனத்தில் டிக்கெட் வைத்திருந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கு வாங்க ஓடியவர்களுக்குக் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. மத்திய அரசு 6ஆம் தேதி உச்சவரம்பு போட வேண்டியிருந்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். சென்னை–டெல்லி இந்தக் கடைசி வகையில் வரும். நான்கு பேருக்கு, ஒரு வழிக்கு மட்டும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, நிறுவனத்தால் வரும் சிக்கலுக்கு வேறு நிறுவனம் மருந்து. ஊரால், வானிலையால் வரும் சிக்கலுக்கு வேறு நாளோ வேறு ஊரோதான் மருந்து. புயலுக்குப் பயந்து அதே நாளில், அதே சென்னையிலிருந்து, இரண்டு மணி நேரம் தள்ளி இன்னொரு விமானத்தில் டிக்கெட் போடுவதால் ஒரு பயனும் இல்லை. பெங்களூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ போட்டால் பயனுண்டு, அதுவும் மழைக்கு முன்னால் ஊரை விட்டுக் கிளம்பினால் மட்டும். புயல் வருவதாக இருந்தால் இந்திய வானிலை ஆய்வு மையம் 72 மணி நேரத்துக்கு முன் முதல் அறிவிப்பையும், 48 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கையையும், 24 மணி நேரத்துக்கு முன் அடுத்த கட்ட எச்சரிக்கையையும் தருகிறது. நான் அந்த 48 மணி நேர எச்சரிக்கையைத்தான் கெடுவாக வைத்திருக்கிறேன். அது வந்துவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூர் ரயிலில் ஏறிவிட வேண்டும், இல்லையென்றால் பயணத்தை இரண்டு நாள் தள்ளிவிட வேண்டும்.

டெல்லிப் பக்கம் போகிறவர்களுக்குப் பனிமூட்டம் தனிப் பிரச்சினை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் நள்ளிரவு முதல் காலை வரை அது அடர்ந்து நிற்கும். அதற்கு இரண்டாவது டிக்கெட்டே தேவையில்லை. முதல் டிக்கெட்டையே மதியம் இறங்கும் விமானமாகப் பார்த்துப் போட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஒரே நிறுவனத்தில் இரண்டு டிக்கெட்

ஒரே பெயரில், ஒரே நாளில், ஒரே தடத்தில் இரண்டு பதிவு இருந்தால் பல நிறுவனங்களின் கணினி அதை இரட்டைப் பதிவு என்று பிடித்து ஒன்றைத் தூக்கிவிடும். எதைத் தூக்கும் என்பது நம் கையில் இல்லை. இதிலிருந்து தப்பிக்கப் பெயரின் எழுத்தை மாற்றுவது, இனிஷியலை விரித்து ஒன்றிலும் சுருக்கி ஒன்றிலும் போடுவது என்று சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் குழப்பம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. வாசலில் ஆதாரையும் டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பாதுகாப்புப் படை வீரரிடம் குழந்தைகளை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லி நிற்க நேரும்.

போகும் டிக்கெட்டை விட்டால் திரும்பும் டிக்கெட்டும் போகும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் அக்கா குடும்பத்துக்கு நடந்தது இதுதான். டெல்லி, ஆக்ரா போய்வர ஒரு நிறுவனத்தில் ரவுண்ட் ட்ரிப் டிக்கெட். என் பேச்சைக் கேட்டு, போவதற்கு மட்டும் வேறொரு நிறுவனத்தில் மாற்று டிக்கெட். கிளம்பும் நாள் விடியற்காலையில், முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதம் என்று செய்தி வந்தது. மாற்று விமானத்தில் ஏறிப் போய்விட்டார்கள். தாஜ்மஹால் முன்னால் நின்று எடுத்த படமெல்லாம் வந்தது.

ஐந்தாம் நாள் மாலை அத்தான் டெல்லி விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார். கவுன்ட்டரில் இருந்த பெண் பி.என்.ஆர். எண்ணை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, முதல் பயணத்துக்கு நீங்கள் வராததால் மீதிப் பயணமும் ரத்தாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். சின்னவள் ட்ராலியில் பெட்டி மேல் தூங்கிக்கொண்டிருந்தாளாம். "காசு கட்டின டிக்கெட்தானப்பா? நாம விட்டது போறதைத்தானே, வர்றதை ஏன் எடுத்தாங்க?" என்றார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான்கு பேருக்கும் அன்றைய விலையில் புதிதாக டிக்கெட் வாங்கித்தான் ஊர் வந்தார்கள்.

பல நிறுவனங்களில் விதி அதுதான். வரிசையில் ஒரு பயணத்துக்குச் சொல்லாமல் வராமல் இருந்துவிட்டால் பின்னால் உள்ளவை தானாக ரத்தாகும். மாற்று டிக்கெட் போடும் எண்ணம் இருந்தால் போவதற்கும் வருவதற்கும் தனித்தனி பி.என்.ஆர். எடுங்கள். அதிலும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன்: போகும் விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால், தனியாக எடுத்த திரும்பும் டிக்கெட்டுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். எது பெரிய ஆபத்து என்று உங்கள் பயணத்துக்கு ஏற்ப நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரே பி.என்.ஆரில் எடுத்துவிட்டீர்கள் என்றால், முதல் விமானம் கிளம்புவதற்கு முன்பே நிறுவனத்தை அழைத்து, திரும்பும் பயணத்தை வைத்திருக்கச் சொல்லி, அதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர்கள் ரத்து செய்வதற்கு முன் நாம் ரத்து செய்வது

விமானம் ரத்தாகும் என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும். பதற்றத்தில் நாமே ஆப்பைத் திறந்து 'கேன்சல்' அழுத்திவிடுவோம். அந்த நிமிடத்திலிருந்து அது நம் விருப்ப ரத்து, ரத்துக் கட்டணம் போக மீதிதான் வரும். ஒரு மணி நேரம் கழித்து நிறுவனமே ரத்து செய்திருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். போதிய முன்னறிவிப்பு இல்லாவிட்டால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை இழப்பீடும் உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான். புயல் போன்ற, நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். அக்கா குடும்பத்துக்கு நான்கு மணி நேரம் என்பதால் அதுவும் கிடைக்கவில்லை.

நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தியில் 'புதிய நேரத்தை ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். முடிவு செய்யும் வரை அதைத் தொடாதீர்கள். பணத்தைக் கணக்கில் போடாமல் அடுத்த பயணத்துக்கான இருப்பாக வைப்பதாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. இருப்பாக வைப்பது பயணியின் விருப்பம் என்று விதியே சொல்கிறது.

தலைக்கு எவ்வளவு என்று பார்த்து, குடும்பத்துக்கு எவ்வளவு என்று பார்க்காமல் விடுவது

உதாரணத்துக்கு மாற்று டிக்கெட் தலைக்கு 6,500 ரூபாய், ரத்துக் கட்டணம் 4,000 என்று வையுங்கள். நான்கு பேருக்கு 16,000 ரூபாய், ஒரு பயணமும் போகாமலே. இதைவிட ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிப் போய் அங்கே ஓர் இரவு தங்குவது பெரும்பாலும் மலிவு. திருமணம், கப்பல் பயணம், தேர்வு என்று தேதி தப்பவே கூடாத இடங்களுக்கு மட்டும் மாற்று விமானம் போதும் என்பது என் அபிப்பிராயம். மற்றவற்றுக்கு ரயில் இருக்கிறது. இப்போது 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கிறது. சில நாள் முன்பே ரத்து செய்தால் பிடித்தம் விமானத்தோடு ஒப்பிட்டால் சிறியது. டெல்லியிலிருந்து திரும்ப தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டு இரவு ஒரு பகல் எடுக்கும், பள்ளி திறக்கும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டை மட்டும் மாற்று ஏற்பாடாக நம்பாதீர்கள்.

'ரீஃபண்ட் கிடையாது' என்று எழுதிய டிக்கெட்டாக இருந்தாலும், வரிகளும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் திரும்பி வர வேண்டும். போகாமலே விட்டாலும் அது நம் பணம், கேட்டு வாங்குங்கள். புக் செய்த கையோடு கட்டணமில்லாமல் ரத்து செய்யும் சலுகையைக் கடைசி நேரத்துக்கு நம்பாதீர்கள். பயணத்துக்கு ஒரு வாரத்துக்குள் போடும் டிக்கெட்டுக்கு அது கிடையாது. இரண்டு விமானங்களுக்கும் வெப் செக்-இன் செய்துவிடாதீர்கள். செய்தால், ரத்து செய்யும் முன் செக்-இன்னை நீக்கச் சொல்லி அலைய வேண்டியிருக்கும்.

ரத்துக் கட்டணத்தைப் பல நிறுவனங்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன, கடைசி மூன்று நாளுக்குள் வந்தால் கூடுதல். டிக்கெட் போட்ட அன்றே போனில் இரண்டு அலாரம் வையுங்கள்: ஒன்று அந்தக் கட்டணம் ஏறுவதற்கு முந்தைய நாளுக்கு, இன்னொன்று பயண நாளுக்கு. முதல் அலாரம் அடிக்கும்போது வானிலையும் செய்தியும் தெளிவாக இருந்தால் மாற்று டிக்கெட்டை அப்போதே விட்டுவிடலாம். சந்தேகம் இருந்தால் வைத்திருங்கள். மாற்று விமானம் முதல் விமானத்துக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் பின்னால் இருக்கும்படி போட்டிருந்தால், பிள்ளைகளைச் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, விமானத்தின் கதவு மூடியதும், போனை ஃப்ளைட் மோடில் போடும் முன் அதை ரத்து செய்ய உங்களுக்கு நேரம் இருக்கும்.