ஸ்காட்ச் நாக்கோடு பர்பனை எடை போடாதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு பேர் கூடும் இடத்தில் ஒருவர் மேக்கர்ஸ் மார்க் என்ற அமெரிக்க பர்பன் விஸ்கியையும் இன்னொருவர் கிளென்லிவெட் 12 ஆண்டு சிங்கிள் மால்ட்டையும், அதாவது பார்லியில் செய்த ஸ்காட்லாந்து விஸ்கியையும் (ஸ்காட்ச்), மேசையில் வைத்துவிட்டு "ரெண்டுல எது பெஸ்ட்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியிலேயே முதல் தப்பு வந்துவிடுகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தேன். இனித்தால் பர்பன், புகை வாடை அடித்தால் ஸ்காட்ச், அவ்வளவுதான் என் ஞானம். வெண்ணிலா வாசம் தூக்கலாக வந்ததால் பர்பனில் ஏதோ எசென்ஸ் ஊற்றுகிறார்கள் என்றுகூட அடித்துப் பேசியிருக்கிறேன்.

அது எசென்ஸ் இல்லை, மரம். அமெரிக்கச் சட்டப்படி பர்பனில் நிறமோ சுவையோ சேர்க்கக் கூடாது. தானியத்தில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். சில ஆலைகள் பீப்பாயின் உள்பக்கம் முதலைத்தோல் போல வெடிக்கும் வரை, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, எரிய விடுகிறார்கள். அந்தச் சூட்டில் மரத்தில் உள்ள சர்க்கரை உருகிப் பழுப்பாகிறது, வெண்ணிலாவின் வாசனைப் பொருளும் மரத்திலிருந்தே பிறக்கிறது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் போட முடியாது என்பதால் அது கப்பலேறுகிறது, ஏராளமான பீப்பாய்கள் போய்ச் சேரும் இடம் ஸ்காட்லாந்து.

ஃபில்டர் காபி போடுபவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பர்பனுக்குப் போவது முதல் டிகாஷன், அதே பீப்பாயில் சிங்கிள் மால்ட்டுக்குக் கிடைப்பது இரண்டாவது டிகாஷன். காபியில் இரண்டாவது என்றால் மட்டம், இங்கே அப்படி இல்லை. மரத்தின் சத்தம் அடங்கிவிடுவதால்தான் முளைகட்டிய பார்லியின் ருசியும், செம்புப் பானையில் இரண்டு முறை காய்ச்சியதில் வந்த பழ வாசனையும் மேலே தெரிகின்றன. ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் வைத்தால் உலர்திராட்சை வாசமே வேறு கதை. ஆகவே பர்பனில் நிறைய மரத்தையும் மால்ட்டில் நிறையப் பார்லியையும் தேட வேண்டும், ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் தேடிவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று சொல்லக் கூடாது.

இதிலிருந்தே அடுத்த தப்பும் புரிந்துவிடும்: வயதை வைத்துத் தரம் பார்ப்பது. ஸ்காட்ச்சில் 12 ஆண்டு சாதாரணம் என்பதால் 6 ஆண்டு பர்பனைப் பார்த்ததும் பலருக்கு ஒரு இளக்காரம். ஆனால் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலக் கோடையில், தகரம் போர்த்திய பல மாடிக் கிடங்கின் மேல்தட்டில், புது மரத்தோடு மல்லுக்கட்டும் பர்பன் அந்த 6 வருடத்திலேயே வேண்டியதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். இருபது வருடம் விட்டால் மரப்பட்டையைக் கடித்த மாதிரி துவர்ப்பு வரும் ஆபத்து உண்டு. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2% தான் ஆவியாகிறது, அங்கே காத்திருப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. நம் பக்கத்து பெங்களூரு அம்ருத் ஆலையில் இழப்பு இதைப் போல் பல மடங்கு, அவர்களின் சிங்கிள் மால்ட் சீக்கிரமே பக்குவமாவதும் அந்த வெயிலால்தான்.

சரி, காரத்துக்கு, அதாவது ஆல்கஹால் அளவுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான ஒப்பீடுகள் நாசமாகின்றன. வைல்ட் டர்க்கி 101 என்றால் அமெரிக்கக் கணக்கில் 101 புரூஃப், அதில் பாதி, அதாவது 50.5% ஆல்கஹால். பக்கத்தில் 40% மால்ட்டை வைத்துவிட்டு "பர்பன் தொண்டையை எரிக்கிறது" என்றால் எரிப்பது பர்பன் இல்லை, அந்தப் பத்து சதவீதம். 30 மில்லியில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டால் அது 43 பக்கம் இறங்கிவிடும், அதற்கப்புறம் பேசலாம். ஐஸும் சோடாவும் குடிக்க நல்லதுதான், ஒப்பிட்டுப் பார்க்கும்போது வேண்டாம், குளிர்ந்தால் வாசனை படுத்துவிடும்.

பர்பனோடு பர்பனை ஒப்பிடுபவர்கள் செய்யும் தப்பு வேறு. லேபிளைப் பார்க்கிறார்கள், தானியத்தைப் பார்ப்பதில்லை. மக்காச்சோளம் எல்லாவற்றிலும் உண்டு, குணத்தை மாற்றுவது இரண்டாவது தானியம். மேக்கர்ஸ் மார்க்கில் அது கோதுமை, அதனால் மென்மை, ரொட்டி போன்ற இனிப்பு. புல்லெட்டில் ரை (கோதுமை மாதிரியான இன்னொரு தானியம்) தூக்கல், அதனால் மிளகு போன்ற உறைப்பு. ஃபோர் ரோசஸ்காரர்கள் இரண்டு தானியக் கலவை, ஐந்து ஈஸ்ட் என்று பத்து செய்முறை வைத்திருக்கிறார்கள், பொறுமை உள்ளவர்களுக்கு அது ஒரு பாடப்புத்தகம். மாறாக, எவன் வில்லியம்ஸும் எலைஜா கிரெய்க்கும் ஹெவன் ஹில் என்ற ஒரே நிறுவனத்தின் ஒரே தானியக் கலவைதான், வயதும் காரமும் எந்தப் பீப்பாயைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும்தான் வித்தியாசம். இது தெரியாமல் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.

சின்னச் சின்னப் பிழைகளும் உண்டு. பர்பன் என்றால் கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, அமெரிக்காவில் எங்கே செய்தாலும் சரி. சிங்கிள் மால்ட்டில் உள்ள 'சிங்கிள்' ஒரே பீப்பாயைக் குறிக்காது, ஒரே ஆலையைக் குறிக்கும், உள்ளே நூறு பீப்பாய் கலந்திருக்கலாம். அடர்ந்த நிறம் முதுமைக்குச் சாட்சி இல்லை, ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

எல்லா ஸ்காட்ச்சும் புகையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீட் என்ற சதுப்பு நிலத்துக் கரி மண்ணை எரித்துப் பார்லியை உலர்த்தினால்தான் அந்த வாடை, ஐலா தீவின் லஃப்ரோய்க், ஆர்ட்பெக் போன்றவற்றில் அது பலம். முதல்முறை பர்பனோடு ஒப்பிட இவற்றை எடுக்காதீர்கள். பர்பன் பீப்பாயில் ஊறிய, புகை இல்லாத கிளென்மோரஞ்சி ஒரிஜினல் மாதிரி ஒன்றை முதலில் ஊற்றுங்கள், பிறகு கோதுமை பர்பன், அப்புறம் ரை தூக்கலானது. புகையுள்ளது கடைசியில், அதுவும் வேறு கிளாஸில். அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப பர்பனுக்கு வந்தால் எல்லாமே ஒரு மணி நேரத்துக்கு அடுப்புச் சாம்பலாகத்தான் மணக்கும்.