சொன்னதைத் திரும்பப் பெறும் ஆங்கிலச் சொற்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் ஒருவர் தம் கருத்திலிருந்தும் வாக்குறுதியிலிருந்தும் போட்டியிலிருந்தும் பின்வாங்கலாம். மூன்றுக்கும் ஒரே வினைச்சொல் போதும். ஆங்கிலத்திலோ, எதைத் திரும்பப் பெறுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். இதைக் கவனியாமல், அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து எழுதும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

நான் மிகுதியாகக் காணும் பிழை, சொன்னதையோ வெளியிட்டதையோ திரும்பப் பெறுவதைக் குறிக்கும் ‘ரிட்ராக்ட்’ என்ற சொல்லில் வருவது. ‘அறிக்கையிலிருந்து பின்வாங்கினார்’ என்று மனத்தில் ஓடும் தமிழ் வாக்கியம் தன் ஐந்தாம் வேற்றுமை உருபையும் உடன் அழைத்துவந்து, ‘ஹி ரிட்ராக்டட் ஃப்ரம் ஹிஸ் ஸ்டேட்மென்ட்’ என எழுத வைத்துவிடுகிறது. இங்கே ‘ஃப்ரம்’ கூடாது; ‘ஹி ரிட்ராக்டட் ஹிஸ் ஸ்டேட்மென்ட்’ என்பதே சரி. ‘வித்டிரா’ என்பது இரு வகையிலும் வரும்: போட்டியிலிருந்து விலகினால் ‘ஃப்ரம்’ வேண்டும், சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றால் வேண்டாம். வாக்குத் தவறுவதைக் குறிக்கும் ‘ரினீக்’, நிலைப்பாட்டிலிருந்து நழுவுவதைக் குறிக்கும் ‘பேக்டிராக்’ ஆகியவற்றுக்குப் பின் ‘ஆன்’ சேர்த்து, எதிலிருந்து பின்வாங்கினார் என்பதைச் சொல்ல வேண்டும். ‘ரிட்ராக்ட் பேக்’ என்று எழுதுவதும் பிழையே. முன்னொட்டான ‘ரி’யிலேயே ‘பின்’ என்ற பொருள் அடங்கிவிட்டது.

‘ரிகேன்ட்’ என்பதை ‘ரிட்ராக்ட்’டுக்கு மாற்றாகக் கருதுவது அடுத்த தவறு. பாடுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிறந்த இச்சொல், ஒருவர் தாம் கொண்டிருந்த நம்பிக்கையையோ அளித்த சாட்சியத்தையோ வெளிப்படையாக, பெரும்பாலும் நெருக்கடிக்கு ஆட்பட்டு, கைவிடுவதைக் குறிக்கும். 1633-இல் ரோமில் திருச்சபையின் விசாரணை மன்றத்தின் முன் மண்டியிட்டு, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தைக் கலிலியோ கைவிட்டதற்கு அது பொருந்தும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998-இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையை அவ்விதழ் 2010-இல் நீக்கியதற்கோ ‘ரிட்ராக்ட்’ என்பதே உரிய சொல். விலைப்பட்டியலில் நேர்ந்த அச்சுப்பிழையைத் திருத்துபவர் ‘ரிகேன்ட்’ செய்வதாக எழுதினால், படிப்பவர் திகைத்துப்போவார்.

சட்டத்தை நீக்குவது ‘ரிபீல்’; அமெரிக்காவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தம் 1933-இல் அவ்வாறே நீக்கப்பட்டது. கொடுத்த உரிமத்தைப் பறிப்பது ‘ரிவோக்’. பிறப்பித்த ஆணையையோ அளித்த வேலை வாய்ப்பையோ விலக்கிக்கொள்வது ‘ரிசிண்ட்’.

தமிழின் ‘மறுத்தார்’ என்ற சொல்லும் குழப்பம் விளைவிக்கும். ‘டினை’ என்றால் ஒன்று உண்மையில்லை என்று சொல்வது. ‘ரெஃப்யூட்’ என்றால் தவறென்று சான்றுகாட்டி நிறுவுவது. இரண்டிலும் முன்பு சொன்னதைத் திரும்பப் பெறும் பொருள் இல்லை. தாம் சொன்னதாக ஒப்புக்கொண்டு அதை விலக்கிக்கொள்பவரைப் பற்றி ‘டினைட்’ என்று எழுதினால், அவர் பொய் சொன்னதாகவே ஆகிவிடும். செய்தியை மொழிபெயர்ப்போர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

‘ரினீக்’, ‘பேக்டிராக்’ இரண்டிலும் பழிக்கும் தொனி உண்டு என்பதால், அவை பிறரைக் குறைகூறவே பெரிதும் பயன்படுகின்றன. தாம் எழுதிய சொல்லுக்கு வருந்தும் ஒருவர் தம் கடிதத்தில் அவற்றைத் தவிர்த்து, ‘ஐ வித்டிரா மை ரிமார்க்’ என்று எழுதுவதே தக்கது.