கன்னி ஈக்கும் இணை சேர்ந்த ஈக்கும் பசி வேறு: வயிற்றைப் பார்த்தே கண்டுபிடிக்கும் முறை

இணை சேர்ந்ததும் பெண் பழ ஈயின் பசியே மாறிவிடும் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வயிற்றின் நிறத்தை லென்ஸில் காட்டினால்தான் கண் விரியும். இளங்கலை மாணவர்களுக்கு நான் செய்யச் சொல்லும் முறை இது.

முதலில் கன்னி ஈக்கள் வேண்டும். காலையில் கூட்டுப்புழு நிறைந்த புட்டியிலிருந்து வளர்ந்த ஈக்களை எல்லாம் தட்டி வெளியேற்றிவிடுங்கள். 25 டிகிரியில், அடுத்த 8 மணி நேரத்துக்குள் புதிதாக வரும் பெண்களைப் பிரித்துவிட வேண்டும். ஐஸ் மேல் வைத்து மயக்கிப் பாருங்கள். புது ஈ வெளிறியிருக்கும். வயிற்றுத் தோலுக்குள் கரும்பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். முன்னங்காலில் சீப்புப் பல் போல ஒரு கருமுடி வரிசை இருந்தால் அது ஆண். ஒருமுறை இந்தப் பிரிப்பை மறுநாள் காலைக்குத் தள்ளிப்போட்டேன். சில நாளில் ‘கன்னி’க் குழாய் முழுக்கப் புழு. வேலை அத்தனையும் போச்சு.

நான்காம் நாள் பாதிப் பெண்களை ஆண்களோடு விடுங்கள். ஆண் ஒரு சிறகை மட்டும் விரித்து அதிர்த்தபடி பின்னாலேயே சுற்றும். சேர்ந்தால் சுமார் 20 நிமிடம் பிரியாது. அப்போது விந்தோடு செக்ஸ் பெப்டைட் என்ற, 36 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி பெண்ணுக்குள் போகிறது. ஆணின் துணைச் சுரப்பியில் ஊறி, பெண்ணின் நரம்புகளில் ஹார்மோன் போல வேலை செய்வது இது. அதன் ஏற்பியை, அதாவது செல்லில் அது போய் ஒட்டும் புரதத்தை, 2008-இல்தான் கண்டுபிடித்தார்கள். பெண்ணின் இளமை ஹார்மோன் (juvenile hormone என்ற பூச்சி ஹார்மோன்) சுரப்பையும் இந்தப் பெப்டைட் தூண்டும். முட்டைகள் பெருகும், முட்டைக்குப் புரதம் வேண்டுமே! மறுநாள் ஓர் ஆணை விட்டால், முட்டையிடும் குழலை நீட்டி மறுத்துவிடும்.

அப்புறம் ஆண்களை எடுத்துவிட்டு, இரண்டு குழுவையும் மூன்று நாள் சர்க்கரை அகரில் (சர்க்கரை கலந்த கடற்பாசிக் கூழில்) மட்டும் வையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், புரதப் பட்டினிதான் வித்தியாசத்தை வெளியே கொண்டுவரும்.

சரி, இனி சோதனை. பெட்ரி தட்டில் அகர் சொட்டுகள்: சர்க்கரைக்குச் சிவப்பு, புரதம் தரும் ஈஸ்ட்டுக்கு நீலம். கேக்கில் சேர்க்கும் நிறமே போதும். இருட்டில் 2 மணி நேரம் விட்டு, ஃப்ரீசரில் வைத்து, வெள்ளைத் தாளில் பரப்பி வயிறுகளை எண்ணுங்கள். கன்னிகளில் சிவப்பு தூக்கலாக இருக்கும். இணை சேர்ந்தவற்றில் நீலமும், இரண்டையும் தின்ற ஊதாவும். அடுத்த தட்டில் நிறங்களை இடம் மாற்றி, இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போது சேர்ந்தவற்றின் வயிறு சிவந்திருந்தால், அவை போனது நிறத்துக்காக அல்ல, ஈஸ்ட்டுக்காகத்தான்.