பாதுகாவலர் பயிற்சிக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் ஜாகா எனப்படும் பாதுகாவலர் வேலைக்குப் போக எண்ணுபவர்களில் சிலர், “லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்” என்று சொல்லும் தரகரிடம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் விவரம் கேட்கிறார்கள். 1971ஆம் ஆண்டின் தனியார் முகவாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சு உரிமம் வழங்குவது பாதுகாப்பு நிறுவனத்திற்கே அன்றி, அங்கே வேலை செய்யும் தனி ஆளுக்கு அன்று. தனி ஆள் போலீசாரின் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும், தொழிலில் சி.எஸ்.ஜி. என்று அழைக்கப்படும் அடிப்படைப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். ஆகவே பயிற்சி நிலையத்தில் பெயர் பதிவதற்கு முன்னரே, அது அங்கீகாரம் பெற்றதுதானா என்பதை உள்துறை அமைச்சிடமோ மலேசியப் பாதுகாப்புத் தொழில் சங்கத்திடமோ கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டவரில் நேப்பாளக் குடிமக்களையே இத்தொழிலில் அமர்த்த அனுமதி வழங்கப்பட்டு வந்திருக்கிறது என்பதால், தமிழ்நாட்டில் இருக்கும் உறவினருக்குக் கோலாலம்பூரில் பாதுகாவலர் வேலை வாங்கித் தருவதாக எவரேனும் பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவது நல்லது.

பின்னணிச் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளவயதில் நடந்த அடிதடி வழக்கு ஒன்று இருந்தால், அதை மறைத்துவிட்டு விண்ணப்பிப்பதே பெரிய தவறு. வழக்கு எந்த ஆண்டில், எந்தப் போலீஸ் நிலையத்தில் பதிவானது, எப்படி முடிந்தது என்பதை நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய வழக்கு தடையாக அமையலாம், அமையாமலும் போகலாம். ஆனால் மறைத்தது தெரியவந்தால் உங்கள் பேச்சை அதன்பின் யாரும் நம்பமாட்டார்கள்.

வகுப்பிற்கு வருபவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது அணிவகுப்பையும் சல்யூட்டையும் பற்றித்தான். அவை இரண்டொரு நாளில் பழகிவிடும். உண்மையில் பலர் தடுமாறுவது, பாதுகாவலருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்ற பாடத்தில்தான். சீருடை அணிந்தவுடன் போலீஸ்காரரின் அதிகாரத்தில் பாதியாவது வந்துவிடுகிறது என்ற எண்ணம் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வருகிறது. பயிற்சியில் முதலில் களைய வேண்டியது அதுவே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, எந்தவொரு தனி மனிதருக்கும் கொடுத்திருக்கும் அதே கைது அதிகாரம்தான் பாதுகாவலருக்கும் உண்டு. ஒருவரைப் பிடிப்பதற்கு, குற்றம் தன் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதாகவும், ஜாமீனில் விட முடியாததாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரைத் தேவையில்லாத தாமதமின்றிப் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

செந்தூலில் உள்ள ஓர் அடுக்குமாடியை எடுத்துக்கொள்வோம். குடியிருப்பாளர் ஒருவர் ஓர் இளைஞனைக் காட்டி, “நேத்து என் சைக்கிளைத் தூக்கினது இவன்தான், பிடிங்க அண்ணே” என்கிறார். இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று வகுப்பில் கேட்டால், “பிடித்து, பொண்டோக்கில் (காவல் சாவடியில்) உட்காரவைத்து விசாரிப்பேன்” என்ற பதில் வருவதுண்டு. அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. நேற்று நடந்ததைப் பாதுகாவலர் பார்க்கவில்லை. விசாரிப்பது அவர் வேலையும் அன்று. இளைஞனின் தோற்றத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, மேற்பார்வையாளருக்குத் தெரிவித்து, குடியிருப்பாளரைப் போலீசில் புகார் செய்யச் சொல்வதே சரி. கண்ணெதிரே திருடி, பிடிபட்டுக் கீழே விழுந்துவிட்டவரைக்கூட அதன் பிறகு ஓர் அடி அடித்தால், அது தற்காப்பு என்ற கணக்கில் வராது. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கொடுக்கின்றன. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கை 99ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. பிரிவு எண்களை மனப்பாடம் செய்துவிட்டுச் சூழலில் பொருத்தத் தெரியாமல் விழிப்பதைவிட, இத்தகைய பத்துச் சூழல்களைக் கற்பனை செய்து நண்பரோடு வாய்விட்டுப் பேசிப் பார்ப்பது மேல்.

இதே வரிசையில் வருவது வருகையாளரின் மைகார்டு என்னும் அடையாள அட்டை. அதை வாங்கிப் பொண்டோக்கில் பிடித்து வைத்துக்கொள்ளப் பாதுகாவலருக்கு அதிகாரம் இல்லை. பழைய ஆள் அப்படித்தான் செய்தார் என்பது காரணம் ஆகாது. பெயர், வண்டி எண், செல்லும் வீட்டு எண், நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதோடு, அந்தப் பதிவேட்டை அடுத்த வருகையாளர் புரட்டிப் பார்க்கும்படி மேசையில் திறந்து வைக்காமலும் இருக்க வேண்டும்.

அடுத்தது எழுத்து வேலை. மலாயில் சரளமாகப் பேசுகிற நம்மவர்கள், அதையே எழுதச் சொன்னால் பேனாவை வைத்துவிடுகிறார்கள். அதனால் நாட்குறிப்பில் மணிக்கொரு முறை “செலாமாட் டான் தெர்காவால்” என்று எழுதி ஒப்பேற்றும் பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. எல்லாம் பத்திரமாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற அந்த வரி, உண்மையிலேயே ஒன்றும் நடக்காத இரவுக்குச் சரி. ஏதேனும் நடந்த இரவில் அது எழுதியவரையே சிக்கலில் மாட்டிவிடும். “இரவு ஒரு வண்டி வந்தது, சந்தேகமாக இருந்தது, விரட்டினோம்” என்பதும் அறிக்கை அன்று. மலாயில் எழுத வேண்டியதைப் பொருள் விளங்கும்படி தமிழில் தருகிறேன்: “02.15 மணி. வெள்ளை மைவி கார் ஒன்று விளக்கணைத்துக் குப்பை அறை அருகே நின்றது. பதிவு எண்ணைக் குறித்தேன். ஓட்டுநர் ஆண், நீல டீ-சட்டை. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் 02.18க்கு ஜாலான் ஈப்போ பக்கம் ஓட்டிச் சென்றார். 02.20க்கு மேற்பார்வையாளருக்குத் தெரிவித்தேன்.” இதில் சந்தேகம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது. மாலை 7 மணிக்குத் தொடங்கும் இரவுப் பணியில் நள்ளிரவுக்குப் பின் தேதியை மாற்ற மறப்பது மிகச் சாதாரணமான பிழை. ஆனால் வழக்கு என்று வந்தால் முதலில் கேள்வி எழுவது அங்கேதான். பிழையாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். வெள்ளை மை தடவக் கூடாது. காலையில் பொறுப்பேற்கும் நேப்பாளத் தோழருக்கும் புரிய வேண்டும் என்பதால், மலாய் வாக்கியங்கள் சிறியனவாக இருந்தால் போதும், அழகு தேவையில்லை.

வாக்கி-டாக்கியில் வண்டி எண் சொல்லும்போது, சிலாங்கூர் வண்டியின் முதல் எழுத்தான B-யும் பினாங்கு வண்டியின் முதல் எழுத்தான P-யும் காதில் ஒன்றாகவே விழும். எனவே B-க்குப் பிராவோ, P-க்குப் பாப்பா என்பன போன்ற எழுத்துப் பெயர்களை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வீட்டில் பழகிவிடலாம். சாலையில் போகும் வண்டிகளின் எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தால், ஒரு வாரத்தில் நாக்குக்கு வந்துவிடும்.

தீயணைப்புக் கருவியைப் பொறுத்தவரை, ஊசியை இழுத்து, முனையைத் தீயின் அடிப்பகுதிக்குத் திருப்பி, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மறப்பது, அதற்கு முன் 999ஐ அழைத்து மற்றவர்களை எச்சரிப்பதைத்தான்.

சம்பளம் கூடுதல் என்பதால் நேரே துப்பாக்கிப் பணிக்குப் போக விரும்புவோர் உண்டு. துப்பாக்கி நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், அதை ஏந்திப் பயன்படுத்துபவருக்கும் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். “இன்றைக்கு ஆள் வரவில்லை, நீ கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்” என்று மேற்பார்வையாளரே சொன்னாலும் வாங்கக் கூடாது. மாட்டிக்கொள்ளப் போவது கையில் வைத்திருப்பவர்தான்.

பயிற்சி முடிந்ததும், சான்றிதழின் மூலப் பிரதியை நிறுவனம் கேட்கும்போது நகலை மட்டும் கொடுத்துவிட்டு மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்திற்கு மாறும் நாளில் அதைத் திரும்பப் பெற அலைவது வீண் வேலை. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்தம் இருக்கிறதா, 12 மணி நேரப் பணியில் கூடுதல் நேரச் சம்பளம் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்பதையும், பயிற்சிக் கட்டணத்தைச் சம்பளத்தில் கழிப்பார்களா, கழித்தால் எத்தனை மாதத்திற்கு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.