உறையிலிருந்து முத்திரையை வெட்டாதீர்கள்: தபால் நூதனசாலைக்குப் போவோர் செய்யும் தவறுகள்

முத்திரை சேர்க்கத் தொடங்குகிறவர்கள், நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே இன்றும் திரும்பச் செய்கிறார்கள். கண்ணாடியில் கை வைக்காதே, சத்தம் போடாதே என்பதையெல்லாம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் சொல்லிவிடுவார். அவற்றை விடுவோம்.

இடம் மாறிப் போவது

கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள சிவப்பு வெள்ளைக் கட்டிடம் பழைய பிரதான தபால் கந்தோர், 1895இல் கட்டியது. நூதனசாலை அங்கே இல்லை. டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில், தபால் தலைமையகத்தில் இருக்கிறது. வார நாளில் போங்கள், போயா என்ற பௌர்ணமி விடுமுறையைக் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலையையும் நிறத்தையும் மட்டும் பார்ப்பது

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்தது. விக்டோரியா தலை, ஆறு பென்ஸ். ஏன் ஆறு? அரை அவுன்ஸ் கடிதம் ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்ப அதுதான் கட்டணம். எந்த முத்திரையின் முன் நின்றாலும் விலையைப் பார்த்து, இது எங்கே போகிற கடிதத்துக்கு என்று கேளுங்கள். 1872இல் பென்ஸ் போய்ச் சதம் வந்தது. அதற்கு முந்தியதா பிந்தியதா என்பதையும் விலையே காட்டிவிடும்.

வெட்டி எடுப்பது, ஊறவைப்பது

இதுதான் பொறுக்க முடியாதது. நூதனசாலையைப் பார்த்த உற்சாகத்தில் வீட்டுக்குப் போய், தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய கடித உறைகளைத் தண்ணீர்ப் பேசினில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை வரும்போது, கழன்ற முத்திரைகளைக் கொப்பியில் ஒட்டிக் கொண்டுவந்து பெருமையோடு காட்டுகிறார்கள். உறைகள் எங்கே என்று கேட்டால், குப்பையில்.

தோட்டத்திலிருந்து 1940களில் போன ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோர்ஜ் மன்னர் முத்திரை. அதன்மேல் பாதியும் உறையில் பாதியுமாக ஹட்டன் தபால் கந்தோரின் வட்டச் சீல். ஓரத்தில், யுத்தகாலத் தணிக்கைக்காரர் திறந்து படித்துவிட்டு ஒட்டிய காகிதப் பட்டி. பின்பக்கம் திருச்சியில் விழுந்த சீல். இரண்டு திகதிகளையும் கழித்தால் கடிதம் எத்தனை நாள் பயணம் செய்தது என்று தெரியும். முத்திரையை மட்டும் வெட்டினால் மிஞ்சுவது அரைச் சீல். ஊரும் இல்லை, திகதியும் இல்லை.

தண்ணீர் இன்னும் மோசம். அந்தக் காலத்து முத்திரைகளை அச்சிட்ட ஊதா, பச்சை மைகள் சில, சீலைக் கழுவி முத்திரையை மறுபடி பாவிக்காமலிருக்கவே நீரில் கரையும்படி செய்தவை. நனைந்ததும் நிறம் போய்விடும்.

1859இல் வந்த எண்கோண வடிவ முத்திரைகளைச் சிலர் அந்த எட்டு மூலையையும் ஒட்டியே வெட்டியிருக்கிறார்கள். நாலு பென்ஸ் போன்ற அரிய முத்திரைகூட அப்படி வெட்டினால் மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

உறையை முழுதாக வையுங்கள். உள்ளே கடிதம் இருந்தால் அதையும் சேர்த்தே வையுங்கள்.

லெமினேட்

வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு கழற்ற முடியாது.

ஃபிளாஷ்

அணைத்துவிடுங்கள்.

கொழும்பு ஈரத்தை மறப்பது

பாவிக்காத முத்திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒரு மழைக்காலத்துக்குள் பசை இளகிக் கட்டியாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் இடையில் கிளாசின் என்ற மெல்லிய வழுவழுப்பான தாள் வையுங்கள். பீ.வீ.சீ. கவர் நாளடைவில் எண்ணெய் கசியும். பொலியெஸ்டர் கவர் என்று கேட்டு வாங்குங்கள். அல்பத்தைப் படுக்கவிடாமல் நிறுத்தி வையுங்கள், வெளிச் சுவரோரம் வேண்டாம். அலுமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.